சம்பந்தி கட்டிய ஊர்

மால்டாக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று மகள் போனில் சொன்ன அன்று, நானும் என் கணவரும் முதல் வேலையாக மால்டாவைத் தேடினோம். அவள் அங்கே நர்ஸாகப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அதுவரை எங்களைப் பொறுத்தவரை மால்டா என்பது ஓர் ஆஸ்பத்திரி, அதன் பக்கத்தில் அவள் தங்கும் ரூம், அவ்வளவுதான். இப்போது அது மாப்பிள்ளை ஊராகிவிட்டது. மாப்பிள்ளை ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியுமா?

என் கணவர் போனில் உலக வரைபடத்தைத் திறந்து விரலால் விரித்துக்கொண்டே போனார்.

"கடல்தான் வருது."

"இன்னும் பெருசாக்குங்க."

"பெருசாக்கினாலும் கடல்தான். ஒரு தூசி ஒட்டியிருக்கு, இரு." சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். தூசி போகவில்லை. அதுதான் மால்டா.

நாங்கள் இருவரும் அப்படிச் சிரித்தோம். ஒரே மகள், எங்கேயோ கடலுக்கு நடுவில் ஒரு பொட்டில் போய் வாழப்போகிறாள் என்றால் அழுகைதான் வரவேண்டும். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அன்று தொடங்கிய கிறுகிறுப்பு கல்யாணம் முடிந்தும் இறங்கவில்லை. அதில் முக்கியமாக ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என் கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்து நெய்வேலி வந்தவர்கள். கல்யாணம் இங்கே கோயிலில், சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு, பிறகு அங்கே அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் ஒரு முறை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் மகளோடு சில நாட்கள் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் நர்ஸ்தான். மெலிந்த, வெட்கப்படுகிற பையன்; எங்கள் வெயிலைப் பார்த்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன், கல்யாணத்துக்குத்தான் எழுந்தான் என்று சொன்னாலும் பெரிய பொய் இல்லை.

அப்பா அதற்கு நேர் எதிர். அகன்ற மார்பு, சுண்ணாம்புக்கல் உடைத்து உடைத்துக் காய்த்த கை, வாய் ஓயாத பேச்சு. கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. காரைவிட்டு இறங்கியதும் என் கணவரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். என் கணவர் சிலையாக நின்றார். எதிர்வரிசை குவார்ட்டர்ஸில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள், ஆள் கூட்டிவர.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு என் தம்பி ஊரிலிருந்து வந்தான். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து விசாரிக்க அனுப்பப்பட்டவன் மாதிரிதான் வந்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னக்கா, பொண்ணு குடுக்கோம். ஊரு எப்படி, சனம் எப்படின்னு நாலு பேருகிட்ட வெசாரிக்க வேண்டாமா? நாளன்னைக்கு மண்டபத்துல நம்ம ஆளுங்க கேட்டாவன்னா நான் என்னன்னு சொல்ல?"

"அவரே இங்கதான்டா இருக்காரு. அவரையே கேளு."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். தம்பி நேராகப் போய் சம்பந்தியின் எதிரில் உட்கார்ந்து, என் மகளை மொழிபெயர்க்கச் சொன்னான்.

"உங்க ஊரு வரலாறு என்னன்னு கேளும்மா. பாக்கதுக்கு என்னென்ன இருக்குன்னும் கேளு."

மகள் கேட்டாள். சம்பந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பது வருஷமாக யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல எழுந்து நின்றுவிட்டார். முதலில் போனில் படம் காட்டினார். தம்பி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, "எல்லாம் மஞ்சளா இருக்கு" என்றான். ஊர் முழுக்க ஒரே மஞ்சள் கல்லில் கட்டினதாம். சம்பந்தி போனைப் பையில் போட்டார். ஹாலின் நடுவில் இருந்த டீப்பாயை ஓரமாகத் தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, கையால் ஒரு பெரிய குமிழ் வரைந்து காட்டி ஏதோ கேட்டார்.

"அம்மா, கோபுரம் மாதிரி உருண்டையா ஏதாவது பாத்திரம் இருக்கான்னு கேக்கறாரு" என்றாள் மகள்.

இட்லிக் குண்டானைக் கொண்டுவந்து கொடுத்தேன். மூடி அசல் கோபுரம்தான். அதை ஹாலின் நட்டநடுவில் வைத்துவிட்டு, அதன் இரண்டு பக்கமும் மணிக்கூண்டு வேண்டும் என்றார். ஒரு பக்கம் காபி பில்டர், இன்னொரு பக்கம் டப்பாமேல் கவிழ்த்த சொம்பு. இரண்டிலும் ஒவ்வொரு மேரி பிஸ்கட்டைச் சாய்த்து வைத்தார்.

"இது ரெண்டும் கடிகாரமாம். ஒண்ணு சரியான நேரம் காட்டும். இன்னொண்ணு தப்பா காட்டுமாம். வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க."

"அதெதுக்கு?" என்றான் தம்பி.

"சாத்தானுக்குப் பூசை நேரம் தெரியக் கூடாதாம். குழம்பிப் போயிடுமாம்."

தம்பி இரண்டு பிஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "வெவரமான ஆளுங்கதான்" என்று ஒத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு யாராலும் எதையும் நிறுத்த முடியவில்லை. தீப்பெட்டிகளும் டம்ளர்களும் வீடுகளாயின. தேவாலயத்துக்கு முன்னால் தாம்பாளம்தான் ஊர்ச் சதுக்கம். புளிப் பானைமேல் மத்தை நிறுத்தி அதுதான் காற்றாலை என்றார். பல தலைமுறைக்கு முன்னால் ஊரை ஆண்ட வீரர்கள் கட்டியது, இப்போது மாவு அரைப்பதில்லை, புறாக்கள் குடியிருக்கின்றனவாம். வயல்களுக்கு நடுவே கல்லை அடுக்கி, சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமலே நிற்கிற சுவர்கள் உண்டாம். அதற்கு என்னவென்று நான் யோசிப்பதற்குள், பாயசத்துக்கு எடுத்து வைத்திருந்த முந்திரியை வரிசை வரிசையாக அடுக்கத் தொடங்கிவிட்டார். தம்பி மும்முரமாகக் கேட்டுக்கொண்டே, தன் பக்கத்துச் சுவரை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான். சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, "கடற்கொள்ளைக்காரன்!" என்று கத்தினார். அந்தக் காலத்தில் கடல்வழியாகக் கொள்ளைக்காரர்கள் வந்து ஆட்களையே பிடித்துக்கொண்டு போவார்களாம். அதற்காகக் கட்டிய காவல் கோபுரம் இதோ என்று பெருங்காய டப்பாவை ஓரத்தில் நிறுத்தினார்.

கோபுரம் வந்துவிட்டது, கடலைக் காணோம். நான் பீரோவுக்கு ஓடினேன். கல்யாணத்தில் கட்டிக்கொள்ள எடுத்த நீலப் பட்டுப் புடவையை மடிப்புப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்துவந்து உதறித் தரையில் விரித்தேன். ஜரிகைக் கரை கரையாகவே அமைந்தது. அந்த நேரத்தில் என் வீட்டு வாசற்படி வரை கடல் வந்துவிட்டது. எனக்குத் தலை சுற்றியது. பித்துப் பிடித்தது என்று சொல்லலாம், தப்பில்லை.

ஊருக்கு ஒரு காவல் புனிதர் உண்டு; அவர் சிலையை வருஷத்துக்கு ஒரு நாள் ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள்; வாணவேடிக்கை, கடகடவென்று பேண்டு வாத்தியம். அதைச் சொல்லும்போது சம்பந்தி கண்ணாடி அலமாரியிலிருந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் காட்டினார். நான் தயங்கினேன். அவர்கள் சாமியாயிற்றே, தப்பாகிவிடாதா? அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்லிவிட்டு, பொம்மையைத் தாம்பாளத்தில் நிறுத்தினார். புனிதர் இடுப்பை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். மின்விசிறிக்குக் கீழே இருந்த மாப்பிள்ளை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

இந்த நேரம் பார்த்து பாய் வந்தார். மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்; எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் துணி அவர் கடையில்தான். அதற்கு முன் வெகு காலம் சவூதியில் இருந்தவர். மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியைக் கொடுக்க வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது, பாத்திரக் கடை போட்டிருக்கீங்களா?"

சம்பந்தி நிமிர்ந்து, கையை விரித்து, தன் பாஷையிலேயே வரவேற்றார். "மெர்ஹபா!"

பாய் கையிலிருந்த பையை நழுவவிட்டார். "என்ன சொன்னாரு?"

சம்பந்தி மறுபடியும் சொன்னார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, கடலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, இது அரபிக்கா! வாங்கன்னு சொல்றாரு!"

அரபி இல்லை, மால்டா பாஷை என்று மகள் விளக்கினாள். பாய் நம்பவில்லை. ஒரு விரலைக் காட்டினார். சம்பந்தி "விஹெத்" என்றார். பாய் "வாஹித்!" என்றார். இரண்டு விரல். "த்னெய்ன்." "இத்னெய்ன்!" அவர் "த்லீத்தா" என்றால் இவர் "தலாத்தா". அவர் "ஹம்சா" என்றால் இவர் "கம்சா". பத்து விரலும் முடிவதற்குள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு வீட்டுக்குள் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டத் தொடங்கினார்கள். கதவுக்கு அவர் "பீப்" என்றார், இவர் "பாப்" என்றார். வெயிலுக்கு அவர் "ஷெம்ஷ்", இவர் "ஷம்ஸ்". கடைசியில் பாய் மேலே விரலைக் காட்டினார். சம்பந்தி, கழுத்தில் தொங்கிய சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "அல்லா" என்றார். அவர்கள் தேவாலயத்தில் கடவுளுக்கு அதுதான் சொல்லாம்.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதைப் போய் யார்கிட்டக்கா சொல்லுவேன்? சொன்னா யாரு நம்புவா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் போகவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது.

சமையலறையில் எனக்கு உதவிக்கு வந்திருந்த சமையல்கார அக்கா, கை துடைத்துக்கொண்டே வாசற்கால் அருகில் வெகு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் வீடு. சொந்த ஊர் வேறு. அது சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்டதால் இல்லாமல் போய்விட்ட ஊர்களில் ஒன்று. சம்பந்தி டீப்பாய்க்கு அடியில் கையை விட்டு, யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து ஊர்க்காரர்கள் பாறையைக் குடைந்து செய்த பதுங்கு குழி இதுதான், என் அம்மா அதற்குள்தான் பிறந்தாள் என்று சொன்னதை மகள் தமிழில் சொன்னதும், அவள் முன்னால் வந்தாள்.

"இன்னாங்க, அவரு ஊருக்கு மட்டுந்தான் பாத்திரமா? எங்க ஊருலயும் எல்லாம் இருந்துச்சிங்க."

"உட்காருக்கா, நீயும் கட்டு" என்றேன்.

"அப்போ குக்கரு எனக்குங்க. அதை அவருக்குக் குடுத்துறாதீங்க."

மிச்சமிருந்த தரையில், கடலுக்கு இந்தப் பக்கம், அவள் ஊர் கிளம்பியது. குக்கர் அம்மன் கோயில். கரண்டி கோயிலுக்கு முன்னால் நட்ட சூலம். சப்பாத்திப் பலகை பள்ளிக்கூடம். மெத்தைப் பெட்ஷீட்டை இழுத்து வந்து ஏரி என்றாள். சம்பந்தி எட்டிப் பார்த்து, எங்கள் கடலைவிட உங்கள் ஏரி பெரிதாக இருக்கிறதே என்று ஆட்சேபம் செய்தார். "பெருசுதாங்க! மழ பேஞ்சா வூட்டு வரைக்கும் வந்துகினு இருக்கும்" என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ஒரு டம்ளர் வைத்தால் அவள் இரண்டு வைத்தாள். அவர் ஊரில் இரண்டு பேண்டு கோஷ்டிகள், ஒன்றுக்கொன்று ஆகாது, எதிரெதிரே கட்டடம் கட்டிக்கொண்டு யார் சத்தமாக வாசிப்பது என்று போட்டி என்றார். "எங்க ஊருல ரெண்டு தெருவுக்கே ஆவாதுங்க. தேரு எந்தத் தெருவுல மொதல்ல திரும்பணும்னு வருசா வருசம் சண்ட" என்றாள். பாய் நடுவராக இருந்தார். தம்பி இரண்டு ஊரிலும் முந்திரி தின்றான்.

அப்போதுதான் என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். காக்கி உடை, கையில் ஹெல்மெட், நல்ல பசி. சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சசச் சக்கர இயந்திரத்தில் வேலை அவருக்கு. வாசலில் நின்று ஹாலைப் பார்த்தார்.

"சோறு?"

"சோத்துப் பானை போலீஸ் ஸ்டேஷனா இருக்கு" என்றாள் மகள்.

அவர் ஓர் அடி உள்ளே வைத்தார். உடனே சமையல் அக்கா இரண்டு கையையும் விரித்துத் தன் ஊரை மறைத்துக்கொண்டாள்.

"சாரு மட்டும் கிட்ட வராதீங்க! நீங்க வந்தா மெஷினு வந்துரும், ஊரு போயிரும்!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, என்ன சொன்னாள் என்பது எங்களுக்கு உறைத்தது. மகள் சம்பந்திக்கு மெதுவாக விளக்கினாள்.

என் கணவர் ஷூவைக் கழற்றி, ஹெல்மெட்டை வெளியிலேயே வைத்துவிட்டு, ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரு உன்னது?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அங்க பெரிய இலுப்பை மரம் ஒண்ணு இருந்துச்சே? கரையில?"

"ஆமாங்க!" அவள் நிமிர்ந்தாள். "நீங்க பாத்திருக்கீங்களா?"

"தோண்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னால நாங்க போனோம். மத்தியானம் அது கீழதான் சாப்பிட்டோம். அவ்ளோ நிழல். வெட்டினப்போ நான் லீவு போட்டுட்டேன்."

இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அழப் போகிறாளோ என்று நான் பின்னாலேயே எழுந்தேன். ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு திரும்பி வந்தாள். வேர்ப்பக்கத்தை ஒரு டம்ளரில் சொருகி, என் கணவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வைங்க சார். எங்க இருந்துச்சின்னு பாக்கலாம்."

அவர் பெட்ஷீட்டின் ஒரு முனையில் வைத்தார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினாள். "இங்கங்க. நீங்க சாப்ட்டது தெக்கால நெழல்ல" என்றாள்.

சம்பந்தி தன் ஊர்க் கோடியில் குழிவான ஒரு தட்டை வைத்தார். அது அவர் வேலை பார்த்த குவாரி. அதில் அவர் அப்பாவின் வயலும் போயிற்று. அந்தக் கல்லை அறுத்து எடுத்தவர்களில் அவரும் ஒருவர். "அந்தக் கல்லில் கட்டின வீட்டில்தான் இருக்கிறேன், திருட்டுப்பயல் நான்" என்று சொல்லி, என் கணவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பசியில் இருந்த மனிதர் ஏரிக்குள் குப்புற விழுந்தார். மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. இந்த முறை சமையல் அக்காதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

சமைக்கப் பாத்திரம் இல்லை. எடுக்க யாருக்கும் மனசும் இல்லை. பாய் போன் செய்து ஆர்ச் கேட் பக்கத்துக் கடையிலிருந்து புரோட்டாவும் சால்னாவும் வரவழைத்தார். இரண்டு ஊருக்கும் நடுவே பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். கடலில் சால்னா சிந்தியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. கல்யாணத்தன்று கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டேன்.

வரவேற்பில் சொந்தக்காரர்கள் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாப்பிள்ளை ஊரு எப்படிடே?" என்றார் பெரியவர் ஒருவர். நான் காது கொடுத்து நின்றேன்.

"ஊரா அது? கோட்டைன்னா கோட்டை! கடல்ல கொள்ளைக்காரன் வந்தான்னா மேல நின்னு பாத்துருவாவ. சனம் எல்லாம் ஒரே கட்டு. சாமி தூக்குதுக்கு ஆண்கள் போட்டி போடுதாவ. நம்ம ஊருக் கோயில் கொடையே தோத்துரும்!"

"நீ எப்பம்டே போயிட்டு வந்த?"

"போனா என்ன, போவாட்டா என்ன? எனக்கு ஒவ்வொரு சந்தும் தெரியும்" என்றான் தம்பி.

கல்யாணம் முடிந்த மறுநாள், இனி என் முறை, உங்கள் ஊர் வரலாறு வேண்டும் என்று சம்பந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களுக்கு என்ன இருக்கிறது? பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர். ஷிப்டு. தூரத்தில் புகைபோக்கி. பாதிப் பேர் வேறு ஏதாவது ஒரு ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் பஸ்ஸில் ஏறினேன். மகளும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை.

என் ஓட்டை இங்கிலீஷில் ஆரம்பித்தேன். இங்கே எல்லாம் முந்திரிக் காடு, பலா மரம். ஒருவர் தண்ணீருக்குக் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கருப்பாக என்னவோ வந்தது. அதை எடுத்துப் பார்த்தால் எரிகிறது! "வாட்டர் கம், பிளாக் கம், ஃபயர் கம்!" என்றேன், கையை உயரத் தூக்கி. பின் இருக்கையில் இருந்த அம்மாள் ஒருவர், "அப்படியே கரெக்டா சொல்றீங்க, சொல்லுங்க சொல்லுங்க" என்று உற்சாகப்படுத்தினார். கண்டக்டர், "மெயின் பஜாரை விட்டுட்டீங்களேம்மா, அதைச் சொல்லுங்க" என்றார். ஒருவர் ஆஸ்பத்திரியைக் காட்டச் சொன்னார், தான் பிறந்த இடமாம். இன்னொருவர் தன் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். ஆளாளுக்கு ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்கள். சம்பந்தி எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பித் தலையாட்டினார். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. கடைசியில் பஸ் நின்ற இடத்தில் ஒருவன் பலாப்பழம் அறுத்து விற்றுக்கொண்டிருந்தான். சம்பந்தி முழுப் பழம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்ப ஏறினார். முள் குத்தக் குத்த அவர் சிரிக்க, கண்டக்டர் பழத்துக்கும் ஒரு டிக்கெட் கிழிப்பது போல் பாவனை செய்ய, எனக்குச் சிரித்துச் சிரித்து விலாப்புறம் வலித்தது.